அந்த அம்மா சாப்பிட்டாங்களா?

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாடு முடிந்த பிறகு உங்கள் வீட்டில் என்ன நடக்குமோ தெரியாது. எங்கள் வீட்டில் ரிமோட்டுக்காக ஒரு பொதுத்தேர்தல் நடக்கும். அம்மாவுக்கு பழைய படம். மனைவிக்கு அழவைக்காத எந்தப் படமும். பையனுக்கு நாங்கள் யாரும் பார்க்க முடியாத படம். எனக்கு தூக்கம். 2025 அக்டோபரில் டயான் கீட்டன் 79 வயதில் காலமான செய்தி வந்த வாரம், நான்தான் வீரமாக ஒரு யோசனை சொன்னேன். "அந்தம்மா நினைவா ஒரு படம் பார்ப்போம். குடும்பப் படமாவே பார்ப்போம்."

தேடியதில் கிடைத்தது 'தி பிக் வெட்டிங்'. 2013ல் வந்தது. பெயரிலேயே கல்யாணம் இருக்கிறது. நடிகர் பட்டியலைப் பாருங்கள்: ராபர்ட் டி நீரோ, டயான் கீட்டன், சூசன் சரண்டன், ராபின் வில்லியம்ஸ். இந்த நாலு பேரும் ஆஸ்கர் வாங்கியவர்கள். இவர்களோடு கேத்தரின் ஹைகல், அமாண்டா சைஃப்ரெட், டோஃபர் கிரேஸ், பென் பார்ன்ஸ். கல்யாணப் பத்திரிகையில் அத்தை, மாமா, சித்தப்பா, எம்.எல்.ஏ. என்று பெயர் போட்டுப் போட்டு கடைசியில் முகூர்த்த நேரத்துக்கு இடமில்லாமல் போகுமே, அப்படி ஒரு பட்டியல்.

ஓடும் நேரம் 90 நிமிஷம்தான். "சின்னப் படம், போடு"ன்னு சொன்னேன். போட்டான் பையன்.

முதல் ஐந்து நிமிஷத்தில் ரிமோட்டைத் தேடினேன். கீட்டன் பழைய வீட்டுக்கு வருகிறார். உள்ளே சமையலறையில் அவருடைய முன்னாள் கணவர் டி நீரோவும், அவரோடு வாழும் சரண்டனும் இருக்கும் கோலத்தை இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது. ரிமோட் சோபா இடுக்கில் போய்விட்டது. பையன் கூரையைப் பார்த்தான். மனைவி என்னைப் பார்த்தாள். அம்மா மட்டும் நிதானமாக, "யாருடா இவங்க, வீட்டுக்கு வந்தவங்களை வாங்கன்னுகூட கேக்கல?" என்றார்.

நான் ஆபாசத்தைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. பெரியவர்களுக்கான படம், அவர்கள் ஊரில் 'ஆர்' சான்றிதழ் கொடுத்துத்தான் வெளியிட்டார்கள். போஸ்டரைப் பார்த்து ஏமாந்தது என் தப்பு. என் சண்டை வேறு. கடைசியில் சொல்கிறேன். இல்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை நீங்கள் படிக்கிறீர்களோ என்னவோ. ஒரு தாயை, நாலாயிரம் கிலோமீட்டர் தாண்டி மகன் கல்யாணத்துக்கு வரவழைத்துவிட்டு, அவளோடு யாரும் உட்கார்ந்து ஒரு வார்த்தை மனசு விட்டுப் பேசாமல் அனுப்பிவிட்டார்கள். அதுதான் கோபம்.

கதையைச் சொல்கிறேன். அம்மாவுக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன்.

டி நீரோ ஒரு சிற்பி. கீட்டன் அவர் மனைவி. பல வருஷம் முன்பே விவாகரத்து ஆகிவிட்டது. காரணம், கீட்டனின் உயிர்த்தோழியான சரண்டன். இப்போது டி நீரோவும் சரண்டனும் ஒரே வீட்டில். பிள்ளைகள் மூன்று. பெண் ஹைகல், வக்கீல், அப்பாவோடு பேச்சு வார்த்தை சரியில்லை. பையன் டோஃபர் கிரேஸ், டாக்டர். மூன்றாவது அலெஹாந்த்ரோ, கொலம்பியாவிலிருந்து தத்து எடுத்த பிள்ளை. அவனுக்குத்தான் கல்யாணம். அவனைப் பெற்ற அம்மா, மடோனா என்று பெயர், கல்யாணத்துக்குக் கொலம்பியாவிலிருந்து வருகிறார். கூடவே அவனுடைய தங்கையும். மடோனா தீவிரமான கத்தோலிக்கர். விவாகரத்து என்ற சொல்லே ஆகாது. அதனால் பையன் வளர்த்தவர்களிடம் கெஞ்சுகிறான்: "இந்த ஒரு வார இறுதிக்கு மட்டும் நீங்கள் இன்னும் புருஷன் பெண்டாட்டிதான் என்று நடியுங்கள்." சரி என்கிறார்கள். சரண்டன் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறார். ஆச்சு. இதுதான் கதை.

இது நல்ல கதை சார்! சத்தியமாகச் சொல்கிறேன், அருமையான முடிச்சு. நம் ஊர் சபா நாடகக்காரர்கள் கையில் கொடுத்திருந்தால் இரண்டு மணி நேரம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்போம். பொய்யை மையமாக வைத்த காமெடிக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. ஏமாற்றப்படுகிற ஆள் மேல் நமக்கு பயமோ பாசமோ இருக்க வேண்டும். முடிந்தால் இரண்டும். 'தில்லு முல்லு' (1981) ஏன் இன்றைக்கும் ஓடுகிறது? ரஜினி மீசை ஒட்டுவதால் மட்டும் இல்லை. எதிரே தேங்காய் சீனிவாசன் நிற்கிறார். அவருக்கு மீசை மேல் இருக்கிற பைத்தியம் நமக்குத் தெரியும். அவர் கண்டுபிடித்தால் என்ன ஆகும் என்று நம் வயிறு கலங்குகிறது. அதனால்தான் சிரிப்பு வருகிறது.

இவ்வளவு தூரம் வர வேண்டாம், டி நீரோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2000ல் 'மீட் தி பேரன்ட்ஸ்' வந்தது. அவர் பெண்ணைப் பெற்ற அப்பா, ரிட்டயரான உளவுத்துறை ஆசாமி. வீட்டு நிலவறையில் பொய் கண்டுபிடிக்கிற மெஷின் வைத்திருப்பார். மாப்பிள்ளையாக வரப்போகிற பென் ஸ்டில்லர் சின்னச் சின்னதாய்ப் பொய் சொல்லி மாட்டிக்கொள்வார். டி நீரோ கண்ணை இடுக்கிக்கொண்டு சும்மா பார்ப்பார், அவ்வளவுதான். நமக்கு வேர்க்கும், சிரிப்பும் வரும். அந்த டி நீரோவுக்கு இந்தச் சட்டம் தெரியாதா என்ன?

'தி பிக் வெட்டிங்'கில் ஏமாற்றப்படுகிறவர் மடோனா. அவரைப் பார்த்து யாருக்கும் பயமில்லை. யாருக்கும் பாசமும் இல்லை. வருகிறார், சிலுவை போடுகிறார், முறைக்கிறார், போகிறார். கதையின் ஆணியே அவர்தான், அந்த ஆணியை அடிக்கவே இல்லை. மற்ற எல்லாரும் அங்கங்கே சட்டையை மாட்டப் பார்க்கிறார்கள், கீழே விழுகிறது.

மடோனாவாக நடித்தவர் பெட்ரீஷியா ரே. இந்தப் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்காது. எனக்கும் முகம்தான் தெரிந்தது. 'மரியா ஃபுல் ஆஃப் கிரேஸ்' என்று 2004ல் ஒரு படம். கொலம்பியாவில் பூப் பண்ணையில் வேலை பார்க்கும் ஒரு பெண் வயிற்றில் போதைப்பொருள் உருண்டைகளை விழுங்கி நியூயார்க்குக்குக் கடத்துகிற கதை. அதில் கூட வரும் இன்னொரு பெண் செத்துப்போவாள். செத்தவளுடைய அக்கா நியூயார்க்கில் இருப்பாள். அந்த அக்காவாக நடித்தவர்தான் இந்த பெட்ரீஷியா ரே. சின்ன வேஷம். பார்த்தவர்கள் மறக்க முடியாது. அப்பேர்ப்பட்ட நடிகை கையில் இருந்தும் அவரை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, டி நீரோ எந்தப் படுக்கையறையில் யாரோடு தூங்குகிறார் என்று ஜோக் அடிக்கிறார்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போட்ட எட்டு பெயரில் பெற்ற அம்மா பெயர் இல்லை. போகட்டும், கதையிலாவது இருக்கக் கூடாதா?

இன்னொரு விஷயம். கொலம்பியாக்காரி என்றால் விவாகரத்து என்று கேட்டதும் மயங்கி விழுந்துவிடுவாள் என்று எந்த தைரியத்தில் எழுதினார்கள்? கொலம்பியாவில் 1976லேயே சிவில் திருமணங்களுக்கு விவாகரத்துச் சட்டம் வந்துவிட்டது. மாதா கோயிலில் நடந்த கல்யாணங்களையும் சட்டப்படி முறித்துக்கொள்ளலாம் என்று 1991 அரசியல் சாசனம் வழி திறந்தது; 1992ல் தனிச் சட்டமே போட்டார்கள். படம் வந்தது 2013ல். இருபது வருஷம்! அந்த ஊரில் மடோனாவின் தெருவிலேயே நாலு பேர் கோர்ட் படி ஏறி இறங்கியிருப்பார்கள். பக்தியுள்ளவர் இதை ஏற்காமல் இருக்கலாம், வருத்தப்படலாம், ஜெபம் செய்யலாம். அதெல்லாம் மனுஷத்தனம். ஆனால் அவருக்கு உலகமே தெரியாது, தெரிந்தால் தாங்க மாட்டார் என்பது, ஏழை நாட்டிலிருந்து வருகிறவர்களைப் பற்றி பணக்கார நாட்டு வசனகர்த்தாவின் சோம்பேறித்தனம். இப்படிப்பட்ட சோம்பேறித்தனம் நமக்குப் புதுசா? நம் படங்களில் மலையாளி என்றால் டீக்கடை, சேட்டு என்றால் வட்டிக்கடை. அதே வியாதிதான், டாலரில் செலவழித்து வரவழைத்துக்கொண்டது.

கூட வரும் தங்கையைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. வந்த முதல் நாளே உடையைக் களைந்துவிட்டு ஏரியில் குதிக்கிறாள். டாக்டர் அண்ணன் வாயைப் பிளக்கிறான். அம்மா என்றால் ஜெபமாலை, பெண் என்றால் ஏரி. கொலம்பியாவில் இந்த இரண்டுக்கும் நடுவில் யாரும் வசிப்பதில்லை போல.

கல்யாண மாப்பிள்ளை அலெஹாந்த்ரோவாக நடித்த பென் பார்ன்ஸ் எந்த ஊர் என்கிறீர்கள்? இங்கிலாந்து. 2008ல் நார்னியா படத்தில் இளவரசர் காஸ்பியனாக வந்தாரே, அவரேதான். கதையில் சம்பந்திகளுக்கு மாப்பிள்ளையின் நிறம் உறுத்துகிறதாம். அதை வைத்து ஜோக் வேறு. நிறவெறியைக் கிண்டல் செய்கிற படம், நிறத்துக்கு ஆள் தேடும்போது மட்டும் லண்டனுக்குப் போய்விட்டது. (வெளியூர் வெள்ளைத் தோல் கதாநாயகிக்கு மாநிறச் சாயம் பூசி கரிசல்காட்டுக் கிராமத்தில் களை எடுக்க விட்ட நாம் இதைப் பற்றி ரொம்பச் சத்தம் போடக் கூடாது. ஆனாலும் போடுகிறேன்.)

இந்தக் கதையின் பூர்வீகம் உங்களுக்குத் தெரிந்தால் கோபம் இன்னும் கூடும். இது சொந்தச் சரக்கு இல்லை. 2006ல் சுவிட்சர்லாந்தில் பிரெஞ்சு மொழியில் வந்த ஒரு சின்னப் படத்தின் ரீமேக். தமிழில் சொன்னால் 'என் தம்பிக்குக் கல்யாணம்' மாதிரி ஒரு தலைப்பு. இயக்கியவர் ஷான்-ஸ்டெஃபான் ப்ரோன், டாக்குமென்டரி எடுத்துப் பெயர் வாங்கியவர். சுவிஸ் பாராளுமன்றக் கமிட்டி ஒன்று மரபணு சட்டத்தை விவாதிப்பதைக்கூட விறுவிறுப்பாக எடுத்துக் காட்டிய மனுஷர். அவர் கதையில் தத்துப்பிள்ளை வியட்நாம்காரன். யுத்தம் முடிந்து மக்கள் படகில் ஏறித் தப்பியோடினார்களே, அப்படி வந்து சேர்ந்த குழந்தை. பெற்றவள் அங்கே, வளர்த்தவர்கள் இங்கே. நடுவில் ஒரு கடல், ஒரு யுத்தம், இருபது வருஷம். அவ்வளவு பாரம் முதுகில் இருக்கும்போதுதான், 'நாங்கள் சந்தோஷமான குடும்பம்' என்று அவளுக்காக நடிப்பது சிரிப்பாகவும் இருக்கும், தொண்டையையும் அடைக்கும்.

ஹாலிவுட் என்ன செய்தது? யுத்தத்தை எடுத்துவிட்டது. கடலை எடுத்துவிட்டது. ஏன் அந்தக் குழந்தை தத்துக்குப் போனது என்ற கேள்வியையே ஓரங்கட்டிவிட்டது. மிச்சமிருந்தது படுக்கையறைக் கதவுகள். அதைத் திறந்து திறந்து மூடினார்கள்.

எடுத்தவர் யார்? ஜஸ்டின் ஸாக்கம். 2007ல் 'தி பக்கெட் லிஸ்ட்' படத்துக்குக் கதை எழுதியவர். சாவதற்கு முன் செய்ய வேண்டியவை என்று ஊர் உலகமே பட்டியல் போடுகிறதே, அந்தப் பேச்சுவழக்கைப் பரப்பிய படம் அது. அப்படி எழுதத் தெரிந்தவர்தான் இதையும் எழுதி இயக்கினார். என்ன ஆச்சு என்று யோசித்தால், இந்தப் படம் எழுதப்பட்டதே இல்லை, பட்ஜெட் போடப்பட்டது என்றுதான் தோன்றுகிறது.

தயாரித்தது மில்லெனியம் ஃபிலிம்ஸ். 2010ல் 'தி எக்ஸ்பெண்டபிள்ஸ்' எடுத்த அதே கூட்டணி. ஸ்டாலோன் முதல் ஊரில் உள்ள பழைய சண்டை ஹீரோ எல்லாரையும் ஒரே லாரியில் ஏற்றிய படம் ஞாபகம் இருக்கும். இந்தத் தொழிலின் கணக்கு ரொம்ப எளிசு. படம் எடுப்பதற்கு முன்பே ஒவ்வொரு நாட்டு விநியோகஸ்தரிடமும் நடிகர் பெயரைக் காட்டி உரிமையை விற்பது. ஜெர்மனிக்காரர் கதை கேட்க மாட்டார். "யார் யார் இருக்காங்க?" என்பார். டி நீரோ என்றால் இத்தனை, கூட கீட்டன் என்றால் இத்தனை. கோடம்பாக்கத்தில் ஏரியா வியாபாரம் என்போமே, அதன் உலகப் பதிப்பு. எக்ஸ்பெண்டபிள்ஸில் துப்பாக்கி இருந்தது, அதனால் பெயர்களே போதும். குடும்பப் படத்தில் துப்பாக்கி கிடையாதே! அங்கே எழுத்துதான் வெடிக்க வேண்டும்.

வெடித்ததா? சுமார் 3.5 கோடி டாலர் செலவு. அமெரிக்காவில் 2013 ஏப்ரல் 26ல் வெளியாகி, முதல் மூன்று நாளில் சுமார் 76 லட்சம் டாலர். அந்த ஊரில் மொத்த ஓட்டத்திலும் சுமார் 2.2 கோடிதான். விமர்சகர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட நல்ல வார்த்தை சொல்லவில்லை. ரசிகனுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்கிறவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்லுங்கள்.

எனக்குப் பணம் போனதில் வருத்தமில்லை. ஆள் போனதில்தான் வருத்தம்.

யோசித்துப் பாருங்கள். 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகத்தில் (1974) டி நீரோவும் உண்டு, கீட்டனும் உண்டு. ஆனால் ஒரு காட்சியில்கூடச் சேர்ந்து வர மாட்டார்கள். அவர் அப்பா காலத்துக் கதையில், இவர் மகன் காலத்துக் கதையில். டி நீரோவுக்கு அந்தப் படத்துக்குத்தான் முதல் ஆஸ்கர். கீட்டனுக்கு 'ஆனி ஹால்' (1977). இவர் 'ரேஜிங் புல்' (1980) படத்துக்காக இருபத்தைந்து கிலோவுக்கு மேல் எடை போட்டு, தொப்பையும் தொங்கலுமாக வந்து நின்றவர். பிளாஸ்டிக் தொப்பை கட்டிக்கொள்ளலாம் என்றால் ஒத்துக்கொள்ளாத பிடிவாதம். அந்த மனுஷர் எழுபது வயசை நெருங்கும்போது, கீட்டனோடு ஒரே கட்டிலில், விவாகரத்தான தம்பதியாக உட்கார்கிறார். சார், இரண்டு பேரையும் சும்மா பேசவிட்டாலே போதுமே! நாற்பது வருஷத் திரை வாழ்க்கை இரண்டு முகத்திலும் கோடு கோடாகத் தெரிகிறது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், கீட்டன் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார். பழைய புருஷனைப் பார்த்து, 'நீ திருந்தவே மாட்டே' என்கிற மாதிரி. என் மனைவி அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். உடனே வெட்டிவிட்டார்கள். அடுத்த காட்சியில் ஹைகல் வாந்தி எடுக்கிறார்.

(ஹைகல் கதாபாத்திரத்துக்குக் குழந்தை இல்லை என்ற ஏக்கம். பிறகு வாந்தி. நம்ம ஊரில் வாந்தி எடுத்தால் என்ன அர்த்தம் என்று அஞ்சாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும். ஹாலிவுட்டும் அங்கேதான் இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.)

"டி நீரோ வயசாயிட்டார், அவ்வளவுதான்" என்று சொல்லாதீர்கள். இதற்கு முந்தைய வருஷம், 2012ல், 'சில்வர் லைனிங்ஸ் ப்ளேபுக்' படத்தில் மனநலம் குலைந்த மகனுக்கு அப்பாவாக நடித்து ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். அதுவும் குடும்பம், சிரிப்பு, அழுகை கலந்த படம்தான். ஆள் அதே ஆள்தான். எழுதிக் கொடுத்தால் நடிக்கிறார். கொடுக்காவிட்டால் சம்பளத்துக்கு வந்து போகிறார். நாம் ஆபீஸில் செய்யாததா?

மனசை ரொம்ப அறுத்தது ராபின் வில்லியம்ஸ். கல்யாணத்தை நடத்தி வைக்கும் பாதிரியாராக வருகிறார். சில காட்சிகள்தான். 1993ல் அவர் நடித்த 'மிஸஸ் டவுட்ஃபயர்' தெரியுமல்லவா? தெரியாதவர்களுக்கு 'அவ்வை சண்முகி' தெரியும். 1996ல் கமலும் கே.எஸ்.ரவிகுமாரும் கிரேஸி மோகனும் சேர்ந்து நம் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். விவாகரத்தான அப்பா, குழந்தையைப் பார்ப்பதற்காக ஆயா வேஷம் போடுகிற கதை. நம் படத்தில் புருஷனும் பெண்டாட்டியும் கடைசியில் சேர்ந்துவிடுவார்கள். சேராவிட்டால் தியேட்டரில் சீட்டைக் கிழித்திருப்போம். இங்கிலீஷ் மூலத்தில் சேர மாட்டார்கள். அப்பா தனி வீடு, அம்மா தனி வீடு, ஆனாலும் இது குடும்பம்தான் என்று டெலிவிஷன் வழியாகக் குழந்தைகளுக்கு எடுத்துச் சொல்லி முடிப்பார் வில்லியம்ஸ். 1993லேயே அதைத் தைரியமாகச் சொன்ன ஹாலிவுட், இருபது வருஷம் கழித்து, விவாகரத்தை மூடி மறைத்து விளையாடுகிறது. அந்த மூடி மறைத்த வீட்டுக் கல்யாணத்துக்குப் பாதிரியார், அதே வில்லியம்ஸ்! அடுத்த வருஷம், 2014 ஆகஸ்டில், அவர் போய்விட்டார். அந்த முகத்தை இனிமேல் நாம் பழைய படங்களில் மட்டும்தான் பார்க்க முடியும். அதில் ஒன்றை இப்படி வீணாக்கியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு வாசகர் கடிதம் வரும், எனக்குத் தெரியும். "காமெடிப் படத்தை லைட்டா எடுத்துக்கங்க சார். எல்லாத்தையும் பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்தா எப்படி?"

லைட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். சிரிக்கத் தயாராக வாயைப் பாதி திறந்து வைத்திருந்தேன். 90 நிமிஷமும் அது பாதியிலேயே நின்றது. தவிர, காமெடி என்றால் யாரையும் யோசிக்காமல் மிதிக்கலாம் என்று யார் சொன்னது? விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) காமெடிதான். மனோரமா வருகிற காட்சிக்கு இன்றைக்கும் வயிறு வலிக்கிறது. ஆனால் வீட்டுக்கு நடுவே கோடு போட்ட பிறகு அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிற லட்சுமியின் முகத்தை மறக்க முடிகிறதா? அந்தப் படத்தில் சூப்பர் ஸ்டார் யாரும் கிடையாது. ஒரு வீடு, மாசச் சம்பளம், சாப்பாட்டுக் கணக்கு. அதற்குத் தேசிய விருது கிடைத்தது. ஒவ்வொரு ஆளுக்கும் அந்த வீட்டில் ஒரு இடம் இருந்தது. அதுதான் நட்சத்திரப் பட்டாளத்துக்கும் குடும்பத்துக்கும் வித்தியாசம்.

தத்துப்பிள்ளை, பெற்ற அம்மா என்று பேச்சு வந்ததும் உங்களுக்கு 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் வந்தது. படம் முழுக்கத் தேடி அலைந்து, கடைசியில் அந்தச் சின்னப் பெண் பெற்றவளைச் சந்திக்கிறாள். வளர்த்தவள் சிம்ரன், பெற்றவள் நந்திதா தாஸ். இரண்டு பேரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். யார் முதலில் பேசுவது, என்ன பேசுவது, குழந்தை யாரைப் பார்க்கும் என்று நமக்குப் படபடக்கிறது. அந்தப் படத்தில் எனக்குச் சில குறைகள் உண்டு, அது வேறு நாள். ஆனால் அந்தச் சந்திப்பை யாரும் அலட்சியமாக எடுக்கவில்லை.

கீட்டனும் பெட்ரீஷியா ரேயும் ஒரே மகனுக்கு இரண்டு அம்மாக்கள். அந்த இரண்டு பேரும் ஒரு ராத்திரி, வேலையெல்லாம் முடிந்து, அடுப்படியில் உட்கார்ந்தால்? "சின்ன வயசில் ராத்திரி அழுவானா?" என்று ஒருத்தி கேட்டால்? "உங்களை நினைத்துக்கொண்டு அழுதான்" என்று சொல்வதா வேண்டாமா என்று மற்றவள் தவித்தால்? காசு செலவே இல்லாத காட்சி. இரண்டு நாற்காலி, இரண்டு நடிகைகள். பொய் அம்பலமாவதும் அங்கேயே நடந்திருக்கலாம். அதை விட்டுவிட்டு, எல்லா ரகசியமும் ஒரே நேரத்தில் கூரையிலிருந்து கொட்டுகிற மாதிரி கொட்டவிட்டு, யார் யாரோடு எப்போது என்ன என்று சத்தம் போடவிட்டு, உடனே சமாதானமாக்கி, கடைசியில் டி நீரோ சரண்டனுக்கும் மாலை போட்டு முடித்துவிட்டார்கள். ஒரே பந்தியில் இரண்டு கல்யாணம். செலவு மிச்சம்.

அதே 2013ல், நட்சத்திரம் நிறைந்த இன்னொரு குடும்பப் படமும் வந்தது. 'ஆகஸ்ட்: ஓசேஜ் கவுண்டி'. மெரில் ஸ்ட்ரீப், ஜூலியா ராபர்ட்ஸ். டிரேசி லெட்ஸ் எழுதிய மேடை நாடகம் மூலம். அதிலும் கூச்சல் ஜாஸ்தி, நடிப்பும் சில இடத்தில் உப்பு கூடிப்போயிருக்கும். ஆனால் சாவு வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்காருகிற ஒரு நீளமான காட்சி இருக்கிறது. ஒவ்வொருத்தர் வாயிலிருந்தும் ஒரு வாழ்க்கை வெளியே வரும். நட்சத்திரங்களைக் கூட்டுவது பாவம் இல்லை. கூட்டிவைத்து, பந்தியில் உட்காரவைத்து, இலையைப் போட்டுவிட்டு, சாதம் போடாமல் இருப்பதுதான் பாவம்.

படம் முடிந்தது. பையன் இடையிலேயே எழுந்து போய்விட்டான். மனைவி காபி போடப் போனாள். அம்மா மட்டும் பெயர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு இங்கிலீஷ் அரைகுறை. பாதி நான் சொல்லித்தான் புரிந்தது.

"ஏன்டா, அந்த ஊர்லேர்ந்து வந்தாளே, பெத்தவ. பிளேன்ல வந்து இறங்கினா. அப்புறம் எல்லாரும் ஓடிக்கிட்டே இருந்தாங்க. அவளைச் சாப்பிட்டியான்னு யாராவது கேட்டாங்களா?"

நான் யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஞாபகத்தில் இல்லை.

"நீங்க கேட்டீங்க இல்ல அத்தை, போதும்" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

அடுத்த ஞாயிறு, தேர்தலே வைக்காமல் 'மார்வின்ஸ் ரூம்' போட்டோம். 1996ல் வந்தது. கீட்டன், மெரில் ஸ்ட்ரீப், சின்னப் பையனாக லியனார்டோ டிகாப்ரியோ, டாக்டராக டி நீரோ. அதிலும் எல்லாம் பெரிய பெயர்கள்தான். படுத்த படுக்கையான அப்பாவை வருஷக்கணக்கில் பார்த்துக்கொள்ளும் மூத்த பெண்ணாகக் கீட்டன். அவருக்கே வியாதி என்று தெரிந்ததும், பேச்சு வார்த்தை இல்லாத தங்கை வந்து சேர்கிறாள். டி நீரோ தடுமாறிக்கொண்டே ரிசல்ட் சொல்லும் டாக்டர். சின்ன வேஷம், சிரிப்பு வேஷம். யாரும் யாரையும் இடித்துத் தள்ளவில்லை.

அம்மா நடுவில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ரிமோட் டீப்பாய் மேலேயே இருந்தது.